மங்கிய பார்வையுடன் ரயில் நிலையத்தில் வழி காணுதல்

மறுபரிசோதனைக்கு வரத் தவறியவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்கும்போது, எங்கள் குறைபார்வைப் பிரிவினர் மிகுதியாகக் கேட்கும் விடை ஒன்று உண்டு. "மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை." பணம் இல்லாமையோ, நோய் குறைந்துவிட்டது என்ற எண்ணமோ பல நேரங்களில் காரணமாக இருப்பதில்லை. அழைத்து வர ஆள் இல்லை என்பதே காரணம். கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய் உடையவருக்கு இது சிறிய செய்தியன்று. தள்ளிப்போன பரிசோதனைக் காலத்தில் கண் நரம்பு மேலும் நலிவடையக்கூடும். அவ்வாறு இழந்த பார்வையை எந்த மருந்தாலும் மீட்க இயலாது.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதனை எங்களுக்குத் தெளிவாக எடுத்துரைத்தார். "வண்டியில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு அச்சமில்லை. உட்காரும் வரையிலும், இறங்கிய பிறகும்தான் அச்சம்." அவர் சொன்னது பெரும்பாலோருக்குப் பொருந்தும். நான்கு மணி நேரப் பயணத்தில் இடர் மிகுந்தது முதற் கால் மணி நேரமும் இறுதிக் கால் மணி நேரமுமே. இக்கட்டுரை அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது. பார்வை குறைந்தோருக்கும், அவரை அழைத்துச் செல்லும் உறவினருக்கும் சேர்த்தே இதனை எழுதுகிறோம்.

நோய்க்கு ஏற்ப மாறும் இடர்

பார்வைக் குறைபாடு என்னும் ஒரே சொல்லால் பலவகை நிலைகளைக் குறிக்கிறோம். ரயில் நிலையத்தில் அவை வெவ்வேறு இடங்களில் இடறச் செய்கின்றன.

கிளாக்கோமா முற்றியவருக்கு நேர் எதிரே உள்ள பெயர்ப் பலகை தெளிவாகத் தெரியலாம். ஆனால் பக்கவாட்டிலிருந்து வரும் தள்ளுவண்டியும், காலடியில் வைக்கப்பட்ட பெட்டியும், கீழிறங்கும் முதற்படியும் அவர் பார்வைப் புலத்துக்குள் வருவதில்லை. "பலகையைப் படிக்கிறார், பெட்டியில் இடித்துக்கொள்கிறார். கவனமில்லாமல் நடக்கிறார்" என்று வீட்டார் கடிந்துகொள்வதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அது கவனக்குறைவன்று, அந்நோயின் இயல்பு.

விழித்திரையின் மையப்பகுதி சிதைந்தவரின் நிலை இதற்கு நேர்மாறானது. கூட்டத்தில் இடிபடாமல் நடந்து செல்வார். ஆனால் வண்டி எண்ணையும் பெட்டி எண்ணையும் எதிரே நிற்பவரின் முகத்தையும் அறிய மாட்டார். நன்றாக நடக்கிறவர் பலகையைப் படித்துச் சொல்லுமாறு கேட்டால், அயலார் சிலர் ஐயத்துடன் பார்ப்பதும் உண்டு. "எனக்குப் பார்வை குறைவு, எழுத்துத் தெரியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை விழித்திரை நோய் உடையவர் பகல் வண்டியில் இடரின்றிச் சென்று, மாலை மங்கியதும் அதே நிலையத்தில் நின்ற இடத்தைவிட்டு நகர இயலாமல் தவிப்பார். வெயிலிலிருந்து சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது அவர் கண் இருளுக்குப் பழக நெடுநேரம் பிடிக்கும். நுழைவாயிலில் ஓரமாக ஒதுங்கி, ஓரிரு நிமிடம் நின்று பிறகு நடத்தல் வேண்டும். நீரிழிவு விழித்திரை நோயில் பார்வை நாளுக்கு நாள் மாறக்கூடும். நேற்றுத் தெரிந்த படி இன்று தெரியவில்லை என்பது நடிப்பன்று.

சொட்டு மருந்து இட்ட நாளும் கண் கட்டிய நாளும்

நல்ல பார்வையுடையவரும் ஒரு நாளைக்குக் குறைபார்வையுடையவராக ஆவதுண்டு. விழித்திரையைச் சோதிப்பதற்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இட்ட பிறகு, சில மணி நேரத்துக்கு அருகிலுள்ள எழுத்து மங்கலாகும், ஒளி கூசும். பயணச்சீட்டில் உள்ள பெட்டி எண்ணைப் படிக்க முடியாது. வெயில் படும் நடைமேடையில் கண் திறக்க முடியாது. ஆகவே திரும்பும் வண்டியின் எண், பெட்டி எண், இருக்கை எண் ஆகியவற்றை மருந்து இடும் முன்பே ஒரு தாளில் பெரிய கறுப்பு எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கண்ணாடியும், முன்விளிம்புள்ள தொப்பியும் கையில் இருக்கட்டும்.

அறுவைக்குப் பின் ஒரு கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். இரு கண்களும் சேர்ந்து பார்ப்பதாலேயே நமக்கு அருகிலுள்ள பொருளின் தொலைவும் படியின் ஆழமும் துல்லியமாகப் புலனாகின்றன. ஒரு கண் மூடப்பட்ட முதல் நாளில் அந்த அளவீடு தவறும். கட்டுள்ள பக்கத்தில் வருபவரும் தெரியமாட்டார். அன்று தனியாக ரயிலேறுவதை நாங்கள் ஒப்புவதில்லை. துணைக்கு வருபவர் கட்டுள்ள கண்ணின் பக்கத்தில் நடக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பலரும் மறுபக்கத்திலேயே நடக்கிறார்கள்.

இருவகைப் பார்வைக் கண்ணாடி அணிவோருக்கு ஒரு சொல். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்காக அமைந்தது. படியிறங்கும்போது அதன் வழியே நோக்கினால் படியின் விளிம்பு மங்கும். தலையைச் சற்றுத் தாழ்த்தி, மேற்பகுதியின் வழியே படியை நோக்க வேண்டும்.

நிலையத்தை மனத்தில் வரைந்துகொள்ளுதல்

பழகாத நிலையத்துக்குச் செல்லுமுன், அது எவ்வகை நிலையம் என்று கேட்டறியுங்கள். இதற்கு இரண்டே வகைகள் போதும். சென்னை சென்ட்ரல் போன்றவை முனைய நிலையங்கள். இருப்புப் பாதைகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. பாதைகளின் தலைப்பில் அகன்ற கூடம் ஒன்று குறுக்காக அமைந்திருக்கும். அக்கூடத்தில் ஒரு பக்கமாக நடந்தால் நடைமேடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். படியேறாமலேயே அவற்றை அடையலாம். மதுரை, திருச்சி போன்ற சந்திப்புகள் வேறு வகை. அங்கே வண்டிகள் ஊடுருவிச் செல்கின்றன. எனவே முதல் நடைமேடை தவிர மற்றவற்றுக்குச் செல்ல மேம்பாலமோ சுரங்கப்பாதையோ மின்தூக்கியோ தேவைப்படும். எந்த வகை என்று தெரிந்தாலே பாதி வழி தெரிந்தது போலாகும்.

அடுத்தது அடையாளங்களைத் தேர்தல். இங்கே பலர் தவறு செய்கின்றனர். தேநீர்க் கடையின் மணம் நல்ல அடையாளம்தான். ஆனால் இரவில் கடை அடைத்தபின் மணம் இராது. நடமாடும் பழவண்டி நாளைக்கு வேறிடத்தில் நிற்கும். இடம் மாறாதவற்றையே முதன்மை அடையாளங்களாகக் கொள்ள வேண்டும்: குடிநீர்க் குழாய்த் தொட்டி, மேம்பாலப் படிக்கட்டின் கைப்பிடி, கூரை முடிந்து வெயில் தொடங்கும் இடம், தளத்தின் சொரசொரப்பு மாறும் எல்லை. மேம்பாலத்துக்கு அடியில் ஒலி மந்தமாகும். அதைக் கடந்ததும் விரியும். சுரங்கப்பாதையின் வாயிலில் குளிர்ந்த காற்று முகத்தில் படும். கண் காட்டாத பலவற்றைக் காதும் தோலும் காட்டித் தரும்; பழக்கம்தான் வேண்டும்.

அப்பழக்கத்தைப் பயண நாளில் தேட வேண்டாம். வண்டிகள் குறைவான ஒரு பிற்பகலில், நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டார் ஒருவருடன் சென்று, வாயிலிலிருந்து நடைமேடை வரை மும்முறை நடந்து பாருங்கள். முதன்முறை உடன் வருபவர் கைதரட்டும். இரண்டாம் முறை அருகில் நடக்கட்டும். மூன்றாம் முறை பத்தடி பின்னால் வாய் திறவாமல் வரட்டும். மூன்றாவதுதான் கடினம், நடப்பவருக்கன்று, பின்னால் வருபவருக்கு.

மஞ்சள் ஓடுகளின் மொழி

நடைமேடையில் மேடுகள் பொறித்த மஞ்சள் ஓடுகளைப் பலரும் அழகுக்காகப் பதித்தவை என்றே எண்ணுகின்றனர். ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் இவ்வோடுகளை உருவாக்கினார். 1967இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாக இவை பதிக்கப்பட்டன. பின்னர் அந்நாட்டு ரயில் நிலையங்களுக்கும், காலப்போக்கில் உலகின் பல நாடுகளுக்கும் பரவின.

இவ்வோடுகளுக்கு இரண்டு சொற்கள் மட்டுமே தெரியும். நீண்ட கோடுகளாக மேடுகள் இருந்தால், "இவ்வழியே செல்" என்று பொருள். வட்டப் புள்ளிகளாக இருந்தால், "நில், முன்னே மாற்றம் உள்ளது" என்று பொருள். படிக்கட்டின் முன்னும், பாதை திரும்பும் இடத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக நடைமேடையின் விளிம்பை ஒட்டியும் புள்ளி ஓடுகள் இருக்கும். விளிம்பை ஒட்டிய புள்ளிப் பட்டையின் மேல் நடப்பதும், அதில் நின்று வண்டிக்குக் காத்திருப்பதும் கூடாது. அதனைத் தாண்டி உட்புறமாகவே நிற்க வேண்டும். மஞ்சள் நிறம் தெரிந்தெடுக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. சாம்பல் நிறத் தரையில் அது எடுப்பாகத் தெரிவதால், ஓரளவு பார்வை எஞ்சியவர்கள் காலால் தடவாமல் கண்ணாலேயே பின்தொடர முடிகிறது.

நடைமுறையில் இவ்வோடுகளின் மேல் பெட்டி அடுக்குவோரும், படுத்துறங்குவோரும், தள்ளுவண்டி நிறுத்துவோரும் இருக்கின்றனர். அறியாமல் செய்வதே மிகுதி. பயணிகளாகிய நாம் அனைவரும் நம் மூட்டையை ஓர் அடி நகர்த்தி வைத்தால் அந்தப் பாதை திறந்துவிடும். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

மைசூரு நிலையத்தில் தொண்டு நிறுவனம் ஒன்றின் முயற்சியால் பிரெயில் வரைபடமும், கைப்பிடிகளில் பிரெயில் தகடுகளும் அமைக்கப்பட்டன. பிற நிலையங்கள் சிலவற்றிலும் இவை வந்துள்ளன. ஆயினும் நடுவயதுக்குப் பின் பார்வை இழந்தோர் பெரும்பாலும் பிரெயில் கற்றிருப்பதில்லை. எங்களிடம் வருவோரில் பலர் அவ்வகையினர். அவர்களுக்கு உதவுவது பெரிய எழுத்தும் குரலுமே.

குரல் நின்றால்

2023 பிப்ரவரி இறுதியில் சென்னை சென்ட்ரல் நிலையத்தில், இரைச்சலைக் குறைக்கும் நோக்குடன், ஒலிபெருக்கி அறிவிப்புகள் நிறுத்தப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக மின்னணுப் பலகைகளும் தகவல் மையங்களும் இருந்தன. பயணிகளிடமிருந்து குறைகள் எழவே, சிறிது காலத்துக்குள் அறிவிப்புகள் மீண்டும் ஒலிக்கத் தொடங்கின. இரைச்சல் குறைவது எல்லோருக்கும் நன்மையே. ஆயினும் பலகையைப் படிக்க இயலாதவருக்கு அந்தக் குரலே பலகை. கடைசி நேரத்தில் நடைமேடை மாறும்போது, பார்வையுள்ளவர் மற்றவர்கள் ஓடுவதைக் கண்டு தாமும் ஓடுவார். பார்வை குன்றியவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

ஆகவே நடைமேடையில் நிற்கும்போது இரு காதுகளிலும் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பதை விட்டுவிடுங்கள். வண்டியின் பெயரைக் காட்டிலும் ஐந்து இலக்க எண்ணை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்கும், எண் குழப்பாது. அறிவிப்புச் சரியாகக் கேட்கவில்லை எனில் அருகில் இருப்பவர் இருவரைத் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் தவறாகச் சொல்லலாம். இருவரும் ஒரே தவற்றைச் சொல்வது அரிது.

ஓரளவு பார்வை உள்ளோர்க்குக் கைபேசியே சிறந்த உருப்பெருக்கி. தொலைவிலுள்ள பலகையைப் படமெடுத்து, நின்ற இடத்திலேயே விரலால் பெரிதாக்கிப் படிக்கலாம். எங்கள் பிரிவில், தேவைப்படுவோருக்கு ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கையடக்கத் தொலைநோக்கியும் பரிந்துரைக்கிறோம். நின்றுகொண்டு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். நடந்துகொண்டே பார்த்தால் காலடி தெரியாது. முழுமையாகப் பார்வையற்றோர், எழுத்தைப் படித்துச் சொல்லும் கைபேசிச் செயலிகளைக் கற்றுக்கொள்ளலாம். அவை துணைக்கருவிகளே. நடைமேடை விளிம்பைக் கண்டறியும் வேலைக்கு இன்றும் வெண்கோலுக்கு நிகரானது இல்லை.

வண்டியில் ஏறும் அந்த ஒரு நிமிடம்

நிலையத்தில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுதான். உயரமான நடைமேடையின் மேற்பரப்பு தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். பெட்டியின் உட்தளமோ ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது அரை மீட்டர் அளவுக்கு மேலே ஏற வேண்டும். இடையே ஓர் இடைவெளியும் உண்டு. சிறிய ஊர்களில் நடைமேடை இன்னும் தாழ்ந்திருக்கும்.

வண்டி முற்றிலும் நின்ற பிறகே விளிம்பை நெருங்குங்கள். பார்வையற்றோர்க்கு நேரும் கொடிய விபத்துகளில் ஒன்று, இரு பெட்டிகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை வாயில் என்று எண்ணிக் காலெடுத்து வைப்பது. மின்சாரப் புறநகர் வண்டிகளில் இவ்வெற்றிடம் திறந்தே இருப்பதால் அங்கே இது மிகுதியும் நினைவில் நிற்க வேண்டும். இதைத் தவிர்க்க ஒரே வழிதான் உண்டு. கோலின் நுனியால் முன்னே தளம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் ஒருபோதும் காலை எடுக்கக் கூடாது. படி தட்டுப்பட்ட பின், கையை நீட்டி வாயிலின் பக்கக் கைப்பிடியைப் பற்றுங்கள். கோலால் இடைவெளியின் அகலத்தை அளந்து, பிறகே ஏறுங்கள். மூட்டையை முதலில் உள்ளே வையுங்கள், அல்லது முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். இரு கைகளும் வெறுமையாக இருத்தல் வேண்டும். இறங்கும்போதும் இதே முறைதான். சரியான பக்கத்துக் கதவுதானா என்பதை மட்டும் கூடுதலாக உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கை கொடுப்பது எப்படி

இப்பணியில் சேர்ந்த புதிதில், நிலையம் ஒன்றில் தடுமாறி நின்ற இளைஞர் ஒருவருக்கு உதவ விரைந்து, அவருடைய வெண்கோலின் நுனியைப் பற்றி முன்னே இழுத்தேன். அவர் நின்றுவிட்டார். "சார், கோலை விட்டுவிடுங்கள். உங்கள் கையைத் தாருங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். பயிற்றுநர் என்ற பெயரில் வந்த எனக்கு அன்று பயிற்சி கொடுத்தவர் அவரே.

சரியான முறை இது. உதவ வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் புறங்கையை அவர் கையில் படுமாறு வையுங்கள். அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார். அரையடி பின்னால் நடந்து வருவார். உங்கள் உடலின் அசைவைக் கொண்டே ஏற்றத்தையும் திருப்பத்தையும் அவர் அறிந்துகொள்வார். தோளைப் பிடித்து முன்னே தள்ளினால் அந்த அறிதல் இல்லாமற்போகும். பள்ளத்தில் முதலில் விழுபவரும் அவராகவே இருப்பார். நெருக்கமான இடத்தில் உங்கள் கையை முதுகுப்புறமாக மடக்குங்கள். அவர் உங்களுக்கு நேர் பின்னால் வந்துவிடுவார். படிக்கட்டின் தொடக்கத்தில் நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்பதையும், கைப்பிடி எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். கடைசிப் படியையும் சொல்லுங்கள். "இங்கே, அங்கே" என்ற சொற்களால் பயனில்லை. "உங்கள் இடக்கைப் பக்கம் நான்கு அடி" என்பது பயன்படும்.

இன்னொன்றைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறோம். "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லி, பார்வையற்றவரை நடைமேடையின் நடுவே விட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கச் செல்லாதீர்கள். சுற்றிலும் எதுவும் தட்டுப்படாத வெட்டவெளியில் நிற்பவருக்குத் திசை போய்விடும். விளிம்பு எப்பக்கம் என்பதே தெரியாது. தூணிலோ சுவரிலோ இருக்கையிலோ அவர் கையை வைத்துவிட்டு, சொல்லிவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் குரல் கொடுங்கள்.

சலுகை பற்றி

முழுமையாகப் பார்வையற்றவர்க்கு ரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றில் 75 விழுக்காடும், முதல் வகுப்பு மற்றும் இரண்டடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளில் 50 விழுக்காடும் குறையும். உடன் செல்லும் துணைவர் ஒருவருக்கும் இது பொருந்தும். உரிய படிவத்தில் மருத்துவர் அளிக்கும் சான்று வேண்டும். அதனைக் கொண்டு ரயில்வேயின் அடையாள அட்டையும் பெற்றுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பம் பலரைக் கவுண்டரிலிருந்து வருத்தத்துடன் திரும்பச் செய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சிறந்த கண்ணில் கண்ணாடி அணிந்த பின்னும் பார்வைத் திறன் 3/60க்குக் குறைவாக இருந்தாலோ, பார்வைப் புலம் 10 பாகைக்குக் குறைவாக இருந்தாலோ பார்வையின்மை என்றே வரையறுக்கிறது. அதற்கு மேற்பட்ட நிலையைக் குறைபார்வை என்று தனியே கொள்கிறது. ரயில்வேயின் சலுகை விதியோ பார்வை அறவே இல்லாதவரை மட்டும் குறிக்கிறது. எனவே கையில் மாற்றுத்திறனாளி அட்டை இருந்தும் குறைபார்வையுடையவருக்குக் கட்டணச் சலுகை கிடைக்காமல் போகலாம். இவ்விதி நியாயமாகத் தோன்றவில்லை என்று எங்களிடம் சொல்வோர் பலர். எங்கள் எண்ணமும் அதுவே. புறப்படும் நாளில் ஏமாறாமல், சான்றிதழை எடுத்துக்கொண்டு முன்னதாகவே முன்பதிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நலம்.

விரைவு வண்டிகள் பலவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி பெரும்பாலும் வண்டியின் கோடியில் அமைந்திருக்கும். அது முன்கோடியா பின்கோடியா என்பதை நிலையத்தில் கேட்டு, வண்டி வருமுன்பே அங்கே சென்று நில்லுங்கள். நெடிய நடைமேடையில் வண்டி வந்தபின் விரைந்து நடப்பதே விழுவதற்கு வழி. பயணத்தில் உதவி தேவைப்பட்டால் 139 என்ற எண்ணை அழைக்கலாம்.

மேற்சொன்ன ஆசிரியர் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனியாகவே வந்து செல்கிறார். திரும்பும் வண்டி மாலையில் என்பதால் சொட்டு மருந்து இடும் பரிசோதனையைக் காலையிலேயே முடித்துத் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார். நாங்களும் அவ்வாறே செய்து தருகிறோம். உங்களுக்கும் அவ்வாறு தேவைப்பட்டால், அடுத்த வருகைக்கு நாள் குறிக்கும்போதே வரவேற்பு மேசையில் உங்கள் வண்டியின் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். நிலையத்தில் நடந்து பழக விரும்புவோர் குறைபார்வைப் பிரிவில் பெயர் பதிந்துகொள்ளலாம். உடன் வீட்டார் ஒருவரும் வருதல் வேண்டும்.